கேப்டன் எஸ்கேப் அழுத்த மாட்டார்

சாப்பிடக் கூப்பிட்டால் "டிசென்ட் ஆரம்பிச்சிட்டேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தால், அது கேப்டன் வீடு. மேனகூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்தால் நாயுடுபேட்டை வீட்டின் பின்கட்டு அறையில், பழைய டைனிங் டேபிள்மேல் கம்ப்யூட்டரில் விமானம். 'கேப்டன்' என்று தெருவில் கிண்டலாகத்தான் பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

சிமுலேட்டர்காரர்களில் ஜம்போ ஓட்டுகிறவர்கள் ஒரு சாதி. இவர் அந்தப் பக்கமே போவதில்லை. ரீஜனல் ஜெட்தான். எழுபது, எண்பது பேர் ஏறுகிற சின்ன ஜெட். "லண்டனுக்கு ஓட்டுறவன் பத்து மணி நேரம் உட்காரணும். நமக்கு ஒரு செக்டார் ஒரு மணி நேரம், எழுந்து வந்துருவேன்" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்துத்தான் ஏரோசாஃப்டின் சிஆர்ஜே 700-ஐக் காசு கொடுத்து வாங்கினார். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு அது வந்தது 2021 மார்ச்சில். வாக்கில் பொய் எதுவும் இல்லை. ரீஜனல் விமானி ஒரே நாளில் நாலைந்து செக்டார்கூட ஓட்டுவார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த விளையாட்டில் எஸ்கேப் என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் விமானம் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சாப்பிட்டுவிட்டு, பால் வாங்கி வைத்துவிட்டு, ஒரு தூக்கம்கூடப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். உலகம் முழுக்க மனிதர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கேப்டன் அழுத்த மாட்டார். "நிஜ ஃபிளைட் நடுவானத்துல நிக்குமா?" என்பார். நிஜ ஃபிளைட்டில் மாமியார் கதவைத் தட்டுவதில்லை என்று மனைவி சொல்லிப் பார்த்தாயிற்று.

கேஸ் சிலிண்டர் வந்த கதை தெருவுக்கே தெரியும். டெலிவரிக்காரர் ஓடிபி கேட்டார். ஓடிபி கேப்டன் போனுக்குப் போக வேண்டும். போன் ஃபிளைட் மோடில் இருந்தது. பின்கட்டு அறையில், தரையில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர், டேக் ஆஃபுக்கு முன் போனை ஃபிளைட் மோடில் போட்டிருக்கிறார். வந்த சிலிண்டர் வந்த வழியே போயிற்று. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா.

வாங்கியதுதான் வாங்கினார், கையை விட்டால் ஓடுகிற விமானமாகப் பார்த்து வாங்கியிருக்கலாம். ஃபிளைபைவயர் குழுவினரின் ஏ320 இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஆட்டோத்ரஸ்ட் உண்டு. வேகத்தை விமானமே பார்த்துக்கொள்ளும். சிஆர்ஜேயில் அந்த வசதி கிடையாது. நிஜ விமானத்திலேயே கிடையாது என்பதால் இதிலும் வைக்கவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானிதான் லீவரைக் கூட்டிக் குறைத்து வேகத்தைப் பிடிக்க வேண்டும். கேப்டன் சீட் இடப்பக்கம் என்பதால் இடது கை ஸ்டியரிங்கில், வலது கை லீவரில். ஆகவே இட்லியை ஊட்டித்தான் விட வேண்டும். ஐம்பதைத் தொடப்போகிற பிள்ளைக்கு எழுபத்தைந்து வயதுத் தாயார் சட்னி தொட்டு ஊட்டுகிறார். "டேய், எத்தனை மைல்டா இருக்கு?" என்று கேட்டபடியே.

அந்தக் கேள்விக்கும் எப்போதும் பதில் கிடைக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டில் வேண்டாத பேச்சு கூடாது என்று நிஜ விமானிகளுக்கு ஒரு விதி. கேப்டன் அதைக் கடைப்பிடிக்கிறார். அவருக்குப் பிடித்த சென்னை–திருப்பதி தூரத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்ட அவசியமே இல்லை. வழி நெடுக மௌன விரதம். சுவர்ணமுகி ஆற்றின் மணல் திரையில் தெரியும்போது மட்டும் விதியை மீறி, "அம்மா, நம்ம ஊரு" என்பார்.

செக்லிஸ்ட்டை உரக்கப் படிப்பது, ஆன்லைனில் கன்ட்ரோலராக உட்காருகிற யாரோ ஒரு கல்லூரிப் பையனை "சார்" என்பது, இதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

பாராமவுண்ட் பேச்சை எடுத்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மதுரைத் தொழிலதிபர் எம். தியாகராஜன் 2005-இல் தொடங்கிய பாராமவுண்ட் ஏர்வேஸ்தான் இந்தியாவுக்கு எம்ப்ரேயர் 170, 175 விமானங்களைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இரண்டிரண்டு சீட், நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. 2010-இல் கம்பெனி படுத்துவிட்டது. கேப்டன் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏறலாம் என்று பணம் சேர்த்து முடிப்பதற்குள் அது நின்றுபோனது. 2023-இல் ஃபிளைட்சிம் ஸ்டுடியோவின் எம்ப்ரேயர் 175 வந்ததும் வாங்கி, கிடைத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக அதன் உடம்பில் பாராமவுண்ட் வர்ணம் அடித்தார். இப்போது சென்னை–மதுரை சர்வீஸ் பின்கட்டு அறையிலிருந்து நேரம் தவறாமல் நடக்கிறது. நஷ்டமும் இல்லை, குத்தகை பாக்கியும் இல்லை. அந்த ஒரு வேலையைப் பார்க்கிறபோது மட்டும் அவரைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வருவதில்லை.

வீட்டுக்கு நிம்மதி என்றால் ராக்கெட் விடுகிற நாள்தான். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருக்கிறது. ஏவுகிற நேரத்துக்குச் சுற்றுவட்டார வான்வழி மூடப்படுகிறது என்று விமானிகளுக்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பு போகும். சிமுலேட்டரில் ராக்கெட்டும் இல்லை, தடுப்பாரும் இல்லை. ஆனாலும் கேப்டன் விமானத்தைக் கிளப்ப மாட்டார். 2023 ஜூலை 14, சந்திரயான்-3 கிளம்பிய அன்று சென்னை–விசாகப்பட்டினம் சர்வீஸை அவரே ரத்து செய்தார். பயணிகளின் கோபத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. மதியம் 2.35-க்கு மொத்தக் குடும்பமும் மொட்டை மாடியில் நின்றது, கேப்டனும் கூடவே. குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி, "இவங்க வாராவாரம் ஒண்ணு விட்டா என்னவாம்?" என்றார். இஸ்ரோவுக்கு அந்த வீட்டில் இருக்கிற மரியாதை வேறு எங்கும் இருக்காது.

கிறுக்கு என்று சொல்லி இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். இன்வெர்ட்டர் விஷயத்தைக் கடக்க முடியவில்லை. வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம் திருப்பதியில் இறங்க ஐந்நூறு அடி இருக்கும்போது கரென்ட் போயிற்று. திரை கறுத்தது. விழுந்ததா, இறங்கியதா என்று தெரியாமல் கேப்டன் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். இரண்டையும் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால் ஹால் ஃபேனைக் கழற்றிவிட்டார். அந்த ஹாலில்தான் அம்மா படுக்கிறார். மே மாதத்து நாயுடுபேட்டையில், கரென்ட் இல்லாத ராத்திரியில், ஊட்டிவிட்ட அந்தக் கையாலேயே பனையோலை விசிறியை வீசிக்கொண்டு கிழவி புரண்டு புரண்டு படுக்க, பின்கட்டில் பயணிகளே இல்லாத விமானம் ஏசியோடு மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு பேட்டரி வாங்கினால் தீர்ந்துவிடும். அடுத்த மாதம் என்கிறார். இந்த மாதம் த்ரஸ்ட் லீவருக்கு ஆர்டர் போட்டாயிற்றாம்.