ஜெனரேட்டருக்கு ஒரு யோகா பாய்

கலிஃபோர்னியாவில் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கிய அன்று என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல மிக்ஸி ஓடுமா?"

நாங்கள் போக நினைத்த யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. ஆக, ஜெனரேட்டர் வேண்டும். வாட்டுக்கு எத்தனை டாலர் என்று கணக்குப் போட்டு, உறை ஏதுமில்லாத மலிவான 4,000 வாட் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். கயிற்றை இழுத்ததும் கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் நிற்பது போலிருந்தது. சாம்பார் வாசனைதான் இல்லை. பக்கத்து வீட்டு நாய் அன்றோடு எங்களுடன் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டது.

பிறகுதான் விசாரித்தேன். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர இந்த வகை நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியே தீருமாம். ஒற்றை பல்பு எரிந்தாலும் அதே ஓட்டம்தான். இன்வெர்ட்டர் வகையோ வேலைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலதிகாரி லீவு போட்ட அன்று நாம் செய்வதுதான்.

இருப்பதை அடக்கிப் பார்ப்போமே என்று, பிளைவுட்டில் பெட்டி செய்து உள்ளே ஃபோம் ஒட்டி மூடினேன். சத்தம் அருமையாகக் குறைந்தது. பத்தாவது நிமிடம் அடியோடு நின்றது. காற்றில் குளிர வேண்டிய எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தினால் அது என்ன செய்யும்?

வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டு, ஹோண்டாவின் 2,200 வாட் இன்வெர்ட்டர் வாங்கினேன். தொடர்ந்து தருவது 1,800தான். மலையேறினால் ஆயிரம் அடிக்குச் சுமார் 3.5 சதவீதம் போய்விடும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு 4,000 அடி உயரம். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதிரி. மிக்ஸிக்கு அது தாராளம்.

தேசியப் பூங்கா விதிப்படி 50 அடி தள்ளி நின்றால் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதால், முகாமில் ஜெனரேட்டரை வண்டியிலிருந்து 20 அடிக்கு அப்பால் வைத்து, புகைக்குழாயை ஆளில்லாத பக்கம் திருப்பினேன். அதிர்வு தெரியாமலிருக்க அடியில் மெத்தென்று ஒரு பாய். மனைவியின் யோகா பாய்தான். கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது.

காலடியால் 50 அடி அளந்து, கைபேசியில் டெசிபல் பார்த்தேன். 52! பேறுகாலம் முடிந்து பிள்ளையைக் கையில் வாங்கிய தகப்பன் போல் நின்றேன்.

திடீரென்று எண் 66க்குத் தாவியது. பதறி ஓடினேன். ஜெனரேட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் சாதுவாகத்தான் இருந்தது. பக்கத்து முகாம் பெரியவர் காபிக் கோப்பையோடு எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த ஜன்னலுக்குள் தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தமில்லாம அரைக்கக் கூடாதா?" என்றேன்.

"என் யோகா பாயை மடிச்சு மிக்ஸிக்கு அடியில வைக்கலாம்னுதான் நினைச்சேன். காலையிலேர்ந்து தேடுறேன், காணோம். நீங்க எங்கயாச்சும் பார்த்தீங்களா?"