முடி நடலாமா, மருந்து போடலாமா?

கே: வயது 24. நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. கல்யாணத்துக்குள் முடி நட்டுவிடலாமா? (வாசகர், திருப்பூர்)

ப: பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் தம்பி. பின்னந்தலை முடி வழுக்கைக்கு அசையாதது. அதை எடுத்து முன்னால் நடுவதுதான் இந்தச் சிகிச்சை. இடம் மாறினாலும் அந்த முடி குணம் மாறாது என்று 1950-களில் காட்டியவர் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக். சிக்கல் எங்கே என்றால், நட்ட முடிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய முடி உதிர்வதை அறுவை சிகிச்சை நிறுத்தாது. மருந்தும் எடுக்காமல் இப்போதே நட்டால், 34 வயதில் நெற்றியில் ஒரு வரிசை முடி, அதற்குப் பின்னால் வெறுந்தலை என்று ஆகலாம். பின்னந்தலை ஒரு சின்ன நாற்றங்கால். பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. முதலில் மருந்தால் உதிர்வை நிறுத்தப் பாருங்கள்.

கே: முடி உதிர்வுக்கு மினாக்சிடில் மருந்து போட ஆரம்பித்த பிறகுதான் இன்னும் கொட்டுகிறது! (வாசகி, சேலம்)

ப: முதல் சில வாரங்கள் அப்படித்தான் அம்மா. ஓய்ந்துபோன முடியைத் தள்ளிவிட்டுப் புதுமுடி கிளம்புகிறது. மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைக்கவே தலைக்குத் திருப்பினார்கள். 1988-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆறு மாதம் பொறுங்கள். நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும்.

கே: முடி உதிர்வுக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை ஆண்மையைப் பறித்துவிடுமாமே? (வாசகர், நாகர்கோவில்)

ப: பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஆவதில்லை. சிலருக்கு ஆசை குறைகிறது, மனம் சோர்கிறது. நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

கே: பக்கத்துத் தெரு அழகு நிலையத்தில் பாதி விலைக்கு நடுகிறார்களே? (வாசகர், ஆவடி)

ப: வேண்டவே வேண்டாம்! 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நட்ட பிறகு இறந்துபோனார். யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லவேண்டி வந்தது. கத்தி பிடிப்பது யார், மயக்க மருந்து கொடுப்பது யார், நெஞ்சு அடைத்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கே: கணவருக்கு 50 வயது, உச்சந்தலை பளபளவென்று இருக்கிறது. எது நல்லது? (வாசகி, தஞ்சாவூர்)

ப: அவருக்கு முடி வேண்டுமா என்று கேட்டீர்களா? வேண்டுமென்றால், வேரே அடங்கிவிட்ட இடத்தில் மருந்து அவ்வளவாக எடுபடாது, நடத்தான் வேண்டும். நட்ட முடி மூன்றாவது வாரமே உதிரும், பதறாதீர்கள். நாலாவது மாதம் முளைவிடும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.