எதை அமத்தினாலும் வெளியேறு

வா தம்பி, இரு. வாசிகசாலைக்குப் புத்தகப் பதிவுக்கெண்டு கொம்பியூட்டரிலை ஏதோ பெட்டி செய்யிறாயாம். கொம்மா சொன்னவா, பெடியன் சோறு தண்ணி இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கிறான் எண்டு. உதுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறித் திரிஞ்ச ஆள் நான். எண்டாலும் நீ தட்டேக்கை பின்னுக்கு நிண்டு பாத்த பழக்கத்திலை நாலு கதை சொல்லுறன். பிடிச்சால் எடு, பிடிக்காட்டிக் கிழவனுக்கு விசர் எண்டிட்டுப் போ.

எத்தினை பொத்தானடா அது! வாசிகசாலைக்கு வாறது பேப்பர் பாக்கிற கிழடுகளும் கதைப்புத்தகம் எடுக்கிற பெட்டையளும். அவைக்கு ‘தேடு’, ‘இரவல் குடு’, ‘திருப்பி எடு’, ‘வெளியேறு’ இவ்வளவும் காணும். ‘மேம்பட்ட தெரிவுகள்’ ஆர் கேட்டது? ‘என்னைப் பற்றி’ எண்டதை ஒருக்கா அமத்திப் பாத்தன், உன்ரை படம் வருகுது. இந்த ஊரிலை உன்னைத் தெரியாதவை ஆர் இருக்கினம் எண்டு அந்தப் படம்?

திரையிலை அமத்திற வேலை நீ கண்டுபிடிச்சதில்லை. ஜெரொக்ஸ்காரர் 1973 இலை ஆல்டோ எண்ட மெசினிலை மவுஸையும் யன்னலையும் செய்து வைச்சவை. ஆப்பிள்காரர் 1984 இலை மக்கின்டோஷ் எண்டு அதைச் சனத்துக்கு வித்தவை. நீ பாவிக்கிற டிக்கிண்டர் பைதனோடை சும்மா வாற சாமான். அதுக்கு அடியிலை கிடக்கிற டீகேயைச் செய்தவர் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திலை இருந்த ஜோன் ஓஸ்டர்ஹவுட். ஒரு வரியிலை ஒரு பொத்தான் வைக்க அந்த மனுசன் வழி செய்து குடுக்க, வழி லேசாக் கிடக்கெண்டு நீ திரை முழுக்க வைச்சிருக்கிறாய்.

சரி, வைச்சதாவது வேலை செய்யுதோ? நேற்று ‘தேடு’ அமத்தினன், பெட்டி பூட்டுப்பட்டுது. திரும்பத் திறந்து ‘இரவல் குடு’ அமத்தினன், பூட்டுப்பட்டுது. நீ மெசினைப் பேசினாய், பேந்து கரண்டைப் பேசினாய். கோளாறு அங்கை இல்லை, ராசா. பொத்தான் பெயரெல்லாத்தையும் ஒரு பட்டியலிலை போட்டு, ஃபோர் லூப்புக்குள்ளை ஒவ்வொண்டுக்கும் ஒரு லாம்டா கொழுவி விட்டாய். லாம்டா அந்த நேரத்திலை பெயரை எழுதி வைக்கிறேல்லை. ஆரும் அமத்தேக்கைதான் ‘இப்ப பெயர் என்ன’ எண்டு எட்டிப் பாக்கும். அதுக்குள்ளை லூப் ஓடி முடிஞ்சு கடைசியா நிக்கிறது ‘வெளியேறு’. அப்ப எதை அமத்தினாலும் வெளியேறத்தான் செய்யும். லாம்டாவுக்குப் பக்கத்திலை ‘பெயர்=பெயர்’ எண்டு எழுதிவிடு. செய்யேக்கையே அந்தந்தப் பெயரைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

அதுக்கு முதல் நாள் செய்த கூத்து இன்னும் நல்லம். கமாண்ட் எண்ட இடத்திலை ‘தேடு’ எண்டு பெயரை மட்டும் குடுக்காமல், பின்னாலை அடைப்புக்குறியும் போட்டாய். பெட்டி திறக்க முன்னமே தேடல் நடந்து முடிஞ்சுது, பேந்து பொத்தான் அமத்த ஒண்டுமில்லை. தாலி கட்ட முன்னம் பந்தி முடிஞ்ச கலியாணம் மாதிரி.

உன்ரை மடிக்கணினியிலை விண்டோஸ், எழுத்து வடிவா நிக்குது. வாசிகசாலையிலை கிடக்கிறது லினக்ஸ் போட்ட பழைய மெசின் எண்டு மறந்து போனியோ? டீகே 8.6 லினக்ஸிலை எழுத்துகளை வந்த ஒழுங்கிலை அடுக்குமே தவிர, கொம்பைத் தூக்கி முன்னுக்கு வைக்கத் தெரியாது. ‘தேடு’விலை கொம்பு தகரத்துக்குப் பின்னாலை போய் நிக்கும். ‘வெளியேறு’விலை ரெண்டு இடத்திலை பிழைக்கும். ‘சேமி’யும் தப்பாது. டீகே மாதிரியே பொத்தான் செய்து தாற ஜீடிகேயும் கியூட்டியும் ஹார்ஃப்பஸ் எண்ட சாமானை வைச்சு எழுத்தைக் கோக்கிறதாலை அங்கை இந்தக் கரைச்சல் இல்லை. மாறுறதெண்டால் இப்பவே மாறு. கொம்பு பின்னுக்கு நிக்கிறதைக் கண்டால், இளைப்பாறின தமிழ் வாத்தியார் கதிரையை விட்டு எழும்பி வருவார். பேந்து நான் காப்பாத்த ஏலாது.

டீகேயோடைதான் நிப்பன் எண்டால் பொத்தான் அகலத்துக்கு இலக்கம் குடுக்காதை. அது பூச்சியம் எண்ட ஒரு எழுத்தின்ரை அகலத்தாலை அளக்கிறது. ‘திருப்பி எடு’ பாதியிலை வெட்டுப்பட்டு ‘திருப்பி’ எண்டு நிக்குது. எதைத் திருப்ப? கிரிட்டிலை வைச்சு, ஸ்டிக்கிக்கு ‘ஈடபிள்யூ’ குடு. கிழக்கும் மேற்கும் இழுபட்டு எல்லாம் ஒரே அகலத்துக்கு வரும்.

இனிக் கொஞ்சம் கவனமாக் கேள். ‘சேமி’க்கு ஒட்டினபடி ‘அழி’ எண்டு ஒண்டு வைச்சிருக்கிறாய், அதுவும் சிவப்பிலை, வடிவெண்டு. எடே, 1981 இலை யாழ்ப்பாண நூலகத்திலை 97,000 அளவு புத்தகம் எரிஞ்சது. சுவடியும் அதோடை போச்சுது. எரிஞ்சது போக மிஞ்சினதுகளை, 2005 இலை தொடங்கின நூலகம் திட்டத்துக்காரர் பழைய பேப்பர், மலர், துண்டுப்பிரசுரம் எண்டு தேடித் தேடி ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டிருக்கினம். இந்த மண்ணிலை இருந்துகொண்டு, கை தவறினால் புத்தகப் பதிவே போற மாதிரி ஒரு பொத்தானை முன் பக்கத்திலை வைக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது? அதை உள்ளுக்குக் கொண்டுபோ. அமத்தினாலும் உடனை அழிக்காமல் கேட்க வை. ‘உறுதியா?’ எண்டு மொட்டையாக் கேட்டால் சனம் வாசிக்காமலே ‘ஓம்’ அமத்தும். புத்தகத்தின்ரை பெயரைச் சொல்லிக் கேள். பதிவுக் கோப்பிலை ஒரு பிரதி ஒவ்வொரு நாளும் வேற இடத்துக்குப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக்குக் கொண்டு வா. பொறுப்பா இருக்கிற அக்காவைக் கதிரையிலை இருத்து. இங்கை அமத்துங்கோ, அங்கை அமத்துங்கோ எண்டு நீ ஒரு சொல்லும் சொல்லப்படாது. மவுஸிலை கையும் வைக்கப்படாது. அவ எந்தப் பொத்தானிலை தடுமாறி நிக்கிறா எண்டு மட்டும் கொப்பியிலை குறி, அந்தப் பொத்தானைத்தான் பேந்து திருத்த வேணும். நானும் பின்னுக்கு வாங்கிலிலை இருப்பன். வாய் திறக்கமாட்டன். என்ன சிரிக்கிறாய்?