வெயிட்டிங் லிஸ்ட் மாமா

ஆர்.கே.பேட்டையில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் கூவுவதைக் கேட்க வேண்டுமென்றால்கூட திருத்தணிக்கு பஸ் ஏற வேண்டும். ஆனால் ரயில்வே விசாரணை அலுவலகம் மட்டும் உண்டு. காலை ஏழு மணிக்கு பஜார் டீக்கடை பெஞ்சில் வெயிட்டிங் லிஸ்ட் மாமா வந்து உட்கார்ந்ததும் அது திறந்துவிடும்.

மாமாவுக்கு வயது அறுபத்திரண்டு. இரண்டு தறி வைத்திருக்கிறார், ஓட்டுவது மகன். கடகடவென்ற தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஸ்லீப்பர் பெட்டியில்தான் தனக்குத் தூக்கம் வரும் என்பார். ஏசி பெட்டி அவருக்கு ஆகாது. சத்தமில்லாமல் எப்படித் தூங்குவது? அவர் ஏசி பெட்டியில் போனதில்லை. ஸ்லீப்பரில் கடைசியாக எப்போது போனார் என்பதும் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

பழனி, சபரிமலை என்று போய் நின்றால், "வேனைப் பிடிச்சிக்கினு போய்ட்டு வாங்கப்பா" என்று அனுப்பிவிடுவார். அந்தச் சில்லறை வேலையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அவருக்குத் தூரம் வேண்டும், உயரம் வேண்டும், ரயிலில் குறைந்தது இரண்டு ராத்திரி வேண்டும்.

2025 ஜூன் 6-ஆம் தேதி செனாப் பாலத்தைத் திறந்தார்கள். ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே, 1,315 மீட்டர் நீளத்துக்கு ரயில் பாலம். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்குப் போகிற வந்தே பாரத்துக்கும் அன்றே கொடியசைத்தார்கள். மறுநாள் காலை மாமா நோட்டும் கையுமாக வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'காஷ்மீர்', அதன் கீழே பதினான்கு பெயர்கள். அந்தப் பதினான்கு பேரில் பத்துப் பேருக்கு விஷயமே தெரியாது.

வழி என்னவென்றால், சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ். கடலின் நடுவே இருக்கும் தீவின் பெயரை வைத்துக்கொண்டு இமயமலை அடிவாரத்துக் கட்ரா வரை போகிற ரயில் அது. பெயர் வைத்தவர் யாரோ, அவரும் மாமா ரகமாகத்தான் இருந்திருப்பார். கட்ராவில் இறங்கி ஸ்ரீநகருக்கு வேறு ரயில் மாற வேண்டும். விஜயவாடா, நாக்பூர், போபால் என்று மாமா ஒப்பிக்கும்போது டீ ஆறிப்போகும். எந்த ஸ்டேஷனில் பூரி நன்றாக இருக்கும், எங்கே இறங்கித் தண்ணீர் பிடிக்க நேரம் இருக்காது என்பதெல்லாம் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. ஆந்திரா எங்கள் ஊருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. இருந்தும் வடக்கே போகிற ரயிலைப் பிடிக்க முதலில் கிழக்கே சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதிலும் வண்டி அதிகாலையில் கிளம்புவதால் முதல் நாள் ராத்திரி சென்னையில் தங்க வேண்டும். மாமாவின் சகலை வீடு பெரம்பூரில் இருக்கிறது. சகலையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஒன்பது வருஷம் ஆகிறது. திட்டத்தில் அந்த ஒரு ராத்திரிக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார்.

அடுத்தது பெர்த் பங்கீடு. பாகப்பிரிவினையில்கூட இத்தனை சண்டை நடந்திருக்காது. எந்த எண்ணைச் சொன்னாலும் மாமா எட்டால் வகுத்து, மீதி ஒன்றோ நான்கோ வந்தால் கீழ், இரண்டோ ஐந்தோ வந்தால் நடு, மூன்றோ ஆறோ வந்தால் மேல், ஏழு வந்தால் சைடு கீழ், மிச்சமில்லாமல் வகுபட்டால் சைடு மேல் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். பெண்களுக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருந்தால் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். இதைத் தெருவில் அறிவித்தபோது ஒரு கை உயரவில்லை. முட்டி வலி என்று ராத்திரியெல்லாம் புலம்புகிறவர்கள்கூட மேல் பெர்த்தே போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் நாற்பத்துநாலு தாண்டிய பெண்மணி ஒருவரும் இல்லை என்பது அன்றுதான் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது.

மாமாவின் வாழ்க்கையில் ஒரு பெரும் துக்கம் உண்டு. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஊரில் மற்றவர்கள் அதைச் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்கள். மாமா இரண்டு நாள் பெஞ்சுக்கே வரவில்லை. பயணத்துக்குக் காத்திருக்கிற சுகத்தில் சரிபாதியைப் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எப்படித் தாங்குவார்?

முன்பதிவு நாள் வந்தது. காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழே முக்காலுக்கு மகனைத் தறியை நிறுத்தச் சொன்னார். இரைச்சலில் ஓடிபி காதில் விழாதாம். ஓடிபி எழுத்தில் வரும் என்று மகன் சொல்லிப் பார்த்தான். எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. வந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்து மூன்று.

நீங்களும் நானும் என்றால் தலையில் கை வைத்திருப்போம். மாமாவின் முகத்தில் அன்றைக்குத்தான் தேஜஸ் வந்தது. அடுத்த ஐம்பது நாளும் தினம் இரண்டு வேளை, கோயில் மணி அடித்த மாதிரி, எண்ணைப் படித்துச் சொன்னார். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. "அசையுது!" பக்கத்து வீட்டு ரெட்டியார் தினமும் "எப்புடு அன்னா?" என்று கேட்பார். "நகருது, நகருது" என்பார் மாமா. ரயிலைச் சொல்கிறாரா பட்டியலைச் சொல்கிறாரா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

விபரீதம் கடைசியில்தான் நடந்தது. டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. பதினான்கும்.

மாமா அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பெர்த் கழிப்பறைப் பக்கமாம். சகலை இன்னும் பேசவில்லையாம். கடைசியாக, கிளம்புகிற தேதி ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாளாம். காவடி திருத்தணி மலை ஏறுகிற நேரத்தில் முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதா? அறுபது நாள் நாக்பூர் பூரி வரை யோசித்தவர் பஞ்சாங்கத்தை மட்டும் புரட்ட மறந்தாரா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பதினான்கும் ரத்து.

அடுத்த வாரம் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன், பெஞ்சில் எல்லோரும் இருக்கும்போது, ஸ்ரீநகரின் உயரம் சுமார் 1,585 மீட்டர், ஊட்டி ரயில் நிலையமோ 2,203 மீட்டர் என்று போட்டு உடைத்தான். அதாவது, அரக்கோணத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் 1908 முதல் ஊட்டி வரைக்கும் ஏறிக்கொண்டிருக்கும் பல்சக்கர ரயிலுக்கு மாறினால், காஷ்மீரைவிட அறுநூறு மீட்டர் மேலே போய்விடலாம். பெஞ்சில் கொஞ்ச நேரம் மௌனம்.

"ஒரு ராத்திரிதானே?" என்றார் மாமா. அத்தோடு ஊட்டியின் கதை முடிந்தது.

ஆனால் பையன் சொன்னது உள்ளே வேலை செய்திருக்கிறது. மறுநாள் நோட்டில் புதுப் பக்கம். இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம் டார்ஜிலிங் பாதையில் இருக்கும் கூம், 2,258 மீட்டர். ஊட்டியைவிட ஐம்பத்தைந்து மீட்டர்தான் அதிகம் என்று அதையும் அடித்துவிட்டார். கடைசியில் லாசா. சீனாக்காரன் 2006 ஜூலை 1 முதல் திபெத்துக்கு ரயில் விடுகிறான். வழியில் தாங்குலா கணவாயில் 5,072 மீட்டர். மூச்சு முட்டாமலிருக்கப் பெட்டிக்குள் ஆக்சிஜன் விடுகிறார்கள். படுத்துக்கொண்டே போகலாம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "மொதல்ல ரூட்டு முடியட்டும்" என்றார்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சோளிங்கர் பெரிய மலைக்கு அழைத்துப் போனார். யோக நரசிம்மரிடம் போக 1,305 படி. ரோப் கார் இருக்கிறதே என்றோம். அது பயிற்சி ஆகாது என்றார். நாங்கள் குரங்குகளுக்கு நடுவே இளைத்து இளைத்து ஏறி இறங்கி வந்தபோது மாமா அடிவாரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். செருப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே!

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஊர் ராசியையும் சொல்ல வேண்டும். திண்டிவனம் – நகரி ரயில் பாதைக்கு 2006-07-இல் அனுமதி வந்தது. எங்கள் வட்டாரத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடுகிறது. பாதை இன்னும் எங்கள் ஊர் வந்து சேரவில்லை. ரயில்வேயே வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் ஊரில் மாமா மட்டும் எப்படிக் கிளம்புவார்? அந்தப் பாதை வந்தால் முதல் ரயிலில் யாருக்கு எந்த பெர்த் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு சைடு மேல்.

போன மாதம் திருத்தணியில் ஒரு கல்யாணத்துக்கு நானும் மாமாவும் போயிருந்தோம். பந்தியில் லாசா ரயிலைப் பற்றிப் பேச்சு நீண்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஆர்.கே.பேட்டைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. அது எத்தனை மணிக்கு என்று மாமாவைக் கேட்டேன். தெரியாது என்றார்.