வெனிலாவும் மண்ணெண்ணெயும்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வெனிலா எசன்ஸும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். நியாயப்படி இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. ஆனால் அது ஸ்டூடியோ அக்காவின் வீடு. வெனிலா கேக்குக்கு, மண்ணெண்ணெய் ரவிக்கைக்கு.

ரவிக்கைக்கு எதற்கு மண்ணெண்ணெய் என்று நானும் ஒருநாள் அப்பாவியாகக் கேட்டேன். முக்கால் மணி நேரம் போயிற்று. ஆரி என்னும் கொக்கி ஊசி எம்பிராய்டரிக்கு முதலில் டிசைனை ட்ரேசிங் ஷீட்டில் வரைய வேண்டும். பிறகு கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, ஷீட்டைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்தால், அது ஓட்டை வழியே இறங்கிப் புள்ளிக்கோலமாகப் பதியும். எண்ணெய் காற்றோடு போய்விடும், பவுடர் நிற்கும். "கோலமாவு அச்சு மாதிரிதாண்ணா!" என்றார். அடுப்பைவிட்டுப் போன மண்ணெண்ணெய் இப்போது கல்யாணப் பெண்களின் முதுகில் பிழைப்பு நடத்துகிறது.

இரண்டு படுக்கையறை வீடு. அதில் இரண்டாவதுதான் ஸ்டூடியோ. முன்பு அது மாமனாரின் அறை. கட்டிலோடு அவரை ஹாலுக்கு இடம்பெயர்த்து, அந்த இடத்தில் ஆரி ஸ்டாண்டைப் போட்டார்கள். மனிதர் அதை வருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை, உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவர் சொல்லும் முதல் வார்த்தை "வாங்க" அல்ல, "பாத்து உக்காருங்க." சோபாவில் கொக்கி ஊசி இருக்கும் என்பது அனுபவசாலியின் எச்சரிக்கை.

இப்படி வீட்டிலேயே ஸ்டூடியோ வைப்பவர்கள் 2020 ஊரடங்கில் முளைத்த சாதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மைதான், அப்போதுதான் தெருவுக்கு நாலு பேர் காலி பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுக் குக்கரில் உப்பைப் பரப்பிக் கேக் சுட்டார்கள். ஆனால் வேர் அதற்கும் முந்தையது. அக்காவின் அம்மா காலத்து வீடுகளில் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு நின்றதில்லை. டிவிக்குப் பாவாடை, மிக்ஸிக்குச் சட்டை, பானைமூடிக்குப் பாசிமணி ஓரம் வைத்த வலைத்தொப்பி. தலையணை உறையில் எழுத்துப்பிழையோடு 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்ட இரண்டு கிளிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். அந்த அம்மா பின்னிய ஒயர்கூடைகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. ஒன்றையும் விற்றதாகத் தகவலில்லை. யாராவது "அழகா இருக்கே" என்றால் போதும், கூடை அவர் கைக்குப் போய்விடும். இந்த வியாதி பரம்பரையானது என்பதைப் பின்னால் வரும் கணக்குக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் எதையும் சும்மா விடமாட்டார். வீட்டில் கேக் செய்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டும். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், கையில் ஒரு 14 இலக்க எண். மற்றவர்கள் அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து மாட்டுவார்கள். அக்கா அதற்குச் சுற்றிலும் குந்தன் கல் பதித்து, மூலையில் மாங்காய் வைத்து, பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பொட்டு உண்டு.

இரண்டு தொழிலும் ஒரே மேஜையில் நடப்பதுதான் ஆபத்து. ஆரிக்கு வாங்கும் பொடி மணிக்குக் கடையில் 'சுகர் பீட்ஸ்' என்று பெயர். அசல் கண்ணாடி. கேக்மேல் தூவும் வெள்ளி உருண்டைகளோ அசல் சர்க்கரை. இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே மாதிரி மினுக்கத்தோடு இருக்கும். சோதனைக் கப்கேக் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒருநாள் ஆசையாகக் கடித்தேன். 'கடக்'. சத்தம் கேக்கிலிருந்தா கடைவாய்ப்பல்லிலிருந்தா என்று புரியவில்லை. அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார்: "ஐயய்யோ, அது கைக்கு வாங்கினதுண்ணா, வாய்க்கு இல்ல!" மறுவாரம் எதிர்த்திசையில் விபத்து. அக்காவிடம் ஆரி வகுப்புக்கு வந்த ஒரு பெண், மணியில் ஓட்டையில்லையே என்று யோசித்து, பசை போட்டு ஒட்டிவிட்டாள். நிச்சயதார்த்த ரவிக்கையில் எறும்பு ஏறிய செய்தி மாடிக்கு மாடி பரவியது.

பஞ்சாங்கத்தையும் தினசரி காலண்டரையும் ஒருசேரப் பார்ப்பவர் எங்கள் கட்டடத்தில் இவர் ஒருவர்தான். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நெருங்கினால் இரவு ஒரு மணிக்கும் விளக்கு எரியும். முதுகில் பல்லக்கு, பல்லக்கில் மணப்பெண், அந்த மணப்பெண்ணின் ரவிக்கையிலும் ஏதாவது போட முடியுமா என்று ஒரு பெண்ணின் அத்தை கேட்டாராம். ஆடியில் கல்யாணமில்லை, கை சும்மா இருக்காது, அப்போது ரெசின். கல்யாண மாலையைக் காயவைத்துக் கண்ணாடிபோல உறையவைக்கும் வித்தை. ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன அளவுப்படி கலக்க வேண்டும், கண்திட்டம் உதவாது. முதல் முயற்சி கண்திட்டத்தில் நடந்தது. அந்தத் தட்டு இன்னும் பிசுபிசுவென்று எங்கள் ஷோகேஸில் இருக்கிறது, என் பழைய பேனா மூடியோடு.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாவிட்டால் என்ன, கிறிஸ்துமஸ் உண்டே. பிளம் கேக்குக்கு அக்டோபரிலேயே பழங்கள் ஊறத் தொடங்கும்: ரம்மில் ஒரு ஜாடி, திராட்சை ஜூஸில் ஒரு ஜாடி. லேபிள் உதிர்ந்துபோனால் எது எது என்று மாமனார் மூடியைத் திறக்காமலே சொல்கிறார். எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

வாடிக்கையாளர்கள் இரவு பதினோரு மணிக்குப் படம் அனுப்புவார்கள். மூன்றடுக்குக் கோட்டை, மேலே இளவரசி, பக்கத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரை. கீழே குறிப்பு: "சிஸ்டர், இதே மாதிரி வேணும். அரைக் கிலோல. முட்டை வேணாம், க்ரீம் கம்மியா, சுகர் சுத்தமா வேணாம். நாளைக்குக் காலைல." விலை சொன்னால், "பேக்கரியிலயே அறுநூறுதானே" என்று மைதா விலை, சர்க்கரை விலை எல்லாம் எடுத்துச் சொல்வார்கள். அக்கா உடனே முந்நூறு குறைத்துவிட்டு, குதிரைக்கு வால் ஒன்று கூடுதலாக வைத்துத் தருவார்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது கணவரின் பொறுப்பு. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு அதிகாரி. காலடியில் கேக் பெட்டியோடு ஸ்கூட்டர் ஓட்டும்போது அவர் வேறு மனிதர். சென்னை வெயிலில் க்ரீம் நிற்காது, புழுக்கத்தில் ஃபான்டன்ட் வியர்க்கும், நடுவில் மடிப்பாக்கத்துச் சாலை. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு பள்ளத்தையும் வணங்கி, பின்னால் ஹாரன் அடிப்பவர்களின் வசவை வாங்கிக்கொண்டு போவார். இளவரசி ஒருமுறை கோட்டையிலிருந்து விழுந்துவிட்டாள். நடுத்தெருவில் பல்குச்சி கொண்டு அவளை நிமிர்த்தி வைத்தவர் அவர்.

எனக்கு இன்றுவரை புரியாதது இந்த அக்காவின் பகிர்தல்தான். இனிப்புக் கடைக்காரர் பாகுப்பதத்தைத் தன் மகனுக்குக்கூட முழுசாகச் சொல்லமாட்டார். இவரோ பால் வாங்க வந்தவரை நிறுத்தி, முட்டையில்லாக் கேக்கில் தயிர் எத்தனை கிராம் என்பதைச் சொல்லி, எழுதியும் கொடுப்பார். எட்டு நாள் ஆரி வகுப்பில் முதல் நாளே, இந்தக் கொக்கி ஊசி வேலை கட்ச் பகுதியின் மோச்சிகள், தோல் வேலை செய்தவர்கள், கையில் வளர்ந்தது என்று தொடங்கி, சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைப் பூட்டாவிட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும் என்பதுவரை சொல்லிவிடுவார். அதை நிரூபித்தது அவருடைய ஆறு வயது மகன். தொங்கிய நூலைச் சும்மா இழுத்துப் பார்த்தான், மூன்று நாள் கொடி அரை நிமிடத்தில் நூலாகிவிட்டது. இப்போது எங்கள் தெருவில் 'ஆரி வகுப்பு, ஹோம்மேட் கேக்' என்று நாலு பலகைகள். நாலு பேரும் அக்காவின் மாணவிகள். "பலகைக்கு நான்தான் பார்டர் போட்டுக் குடுத்தேன்" என்கிறார் பெருமையாக.

கணக்கு அதிகாரிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஒரு ரவிக்கையின் வரவுசெலவை அட்டவணையாக்கி அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். நானும் அப்போது அங்கே, பாத்துத்தான், உட்கார்ந்திருந்தேன். கூலி 3,500. நூல், மணி, கல், லைனிங் 900. வேலை நேரம் 38 மணி. ஆகவே மணிக்கு 68 ரூபாய்.

"ஏங்க, டிசைன் வரைஞ்ச நேரத்தச் சேத்தீங்களா?"

"இல்ல. அதச் சேத்தா இன்னும் கொறையும்."

"அப்ப சேக்காதீங்க" என்றார் அக்கா.

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். "நல்ல கனமான பேப்பரா இருக்கே. எங்க வாங்கினீங்க?" என்றபடி அதைப் புரட்டி மேஜையில் பரப்பி, பென்சிலை எடுத்தார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் பின்பக்கத்தில் ஒரு மயில் எழுந்து நின்றது. பிறகு ஊசியை எடுத்துக் கோடு நெடுகக் குத்தத் தொடங்கினார். கணவர் எட்டிப் பார்த்தார். மயிலின் கழுத்து சரியாக 68 என்ற எண்ணின் நடுவே போய்க்கொண்டிருந்தது.