தோப்புல தீ மூட்ட வந்த தம்பிக்கு

வா தம்பி. அப்பாவோட மணிவிழா நல்லபடியா முடிஞ்சுதா? அறுபது வயசுல மறுபடி மாலை மாத்திக்கிட்டு, புது மாப்பிள்ளை கணக்கா வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாரே! ராத்திரி தோப்புல தீ மூட்டிக் குளிர் காயணும்னு கூட்டாளிங்களோட வந்திருக்கே, தாராளமா. தை மாசம் திருக்கடையூர்ல 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதிசயம். அதுக்குக் காதுல கம்பளி, கையில உறை! நாங்க பனிக்கும் கொசுவுக்கும் தீ போடுவோம். நீ குளிருக்கே போடு, நெருப்பு காரணம் கேக்காது.

அது என்ன, செல்போனைப் பார்த்துப் பார்த்துக் கல்லு தேடுறே? சுத்தி வட்டமா அடுக்கணுமாமா? நல்லாத் தேடு. காவேரி கொண்டாந்து கொட்டின வண்டல் தம்பி இது. கல்லுன்னு இருக்கிறதெல்லாம் கோயில்லதான், அதுவும் அந்தக் காலத்துல வெளியூர்லேர்ந்து வந்தது. அங்கே போயிடாதே. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால பழைய செங்கல் கிடக்கு, எடுத்துக்க.

காலையில சாஸ்திரிகள் ஹோமம் வளர்த்தாரே, கவனிச்சியா? எங்கே, நீதான் படம் பிடிச்சுக்கிட்டிருந்தியே. செங்கல்லை அடுக்கினாரு. உள்ளே மணலைப் பரப்பினாரு. வறட்டியை உடைச்சுப் போட்டு நடுவுல கற்பூரம். அது மேல விரல் தடிமனுக்குக் குச்சி, அதுவும் காத்துப் போக இடம் விட்டு. தீ பிடிச்சுதான்னு பார்த்துட்டு அப்புறம்தான் தடிச்ச கட்டை. விசிறியை அடியில வீசினாரு, தலையில வீசலை. அவ்வளவுதான் தம்பி வித்தை. உங்கப்பா தட்சிணை குடுத்து நடத்தின பாடம், புள்ளை பார்க்காமப் போயிட்டே.

நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? தொடை பருமன் வேப்பங்கட்டையைக் கீழே போட்டு, மேலே நோட்டீஸ் காகிதத்தைச் சொருகி, ஒரு பெட்டி தீக்குச்சியைக் காலி பண்ணியாச்சு. இதே ஊர்லதான் அபிராமி பட்டர் தை அமாவாசையைப் பௌர்ணமின்னு சொல்லி மாட்டிக்கிட்டாரு. 1712லேர்ந்து 1728 வரைக்கும் தஞ்சாவூரை ஆண்ட சரபோஜி மகாராஜா காலம். கீழே நெருப்புக் குழி, மேலே நூறு கயிறு கட்டின உறி. ஒரு பாட்டுக்கு ஒரு கயிறா அறுத்தாங்கன்னு கதை. அந்தக் குழிக்கு உங்களைத் தீ மூட்டச் சொல்லியிருந்தா, பட்டர் நூறையும் நிதானமாப் பாடிட்டு, இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பாரு.

சரி, போய்ப் பொறுக்கு. தென்னைக்கு அடியில காஞ்ச பன்னாடை கிடக்கும். உன்னைச் சொல்லலை, கோவிச்சுக்காதே. தீ பிடிக்கிறதுக்கு அதுக்கு ஈடே கிடையாது. அப்புறம் பாளை, மட்டை, கொட்டாங்கச்சி. நின்னு எரியணும்னா கடலோரத்துச் சவுக்கு இருக்கு, வேலியோரம் சாத்தி வச்சிருக்கேன். மிளாறை முன்னால, கட்டையைப் பின்னால. மூங்கில் கண்ணுல படும், எடுக்காதே. கணுவுக்குக் கணு வெடி வெடிக்கும், ஊர்க்காரன் வேட்டுன்னு ஓடி வருவான். வேலியில அரளி பூத்திருக்கே, அதுல ஒரு குச்சிகூட நெருப்புல விழக் கூடாது, புகையே விஷம். இது மட்டும் கிண்டல் இல்லே.

இடம் எது? மரத்தடி வேணாம். காஞ்ச மட்டை மேலேர்ந்து விழுந்தா நீ குளிர் காயலை, தோப்பு குளிர் காயும். வைக்கோல் போர் தெக்கே இருக்கு, வாடை வடக்கேர்ந்து அடிக்குது, கணக்கு நீயே போடு. அறுத்த வயல் சும்மாத்தானே கிடக்குன்னு அங்கே இறங்கிடாதே. சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலயே, நெல்லு நிக்கிறப்பவே, உளுந்தைத் தெளிச்சிடுவோம். குனிஞ்சு பாரு, தாளுக்கு நடுவுல ரெண்டு இலை விட்டு நிக்குது. உன் கண்ணுக்குக் கட்டாந்தரை, எனக்கு அடுத்த வெள்ளாமை. களத்து மேடுதான் சரி. தரை ஈரமா இருந்தா ரெண்டு மட்டையைக் கிடத்தி அது மேல மூட்டு. காத்து வர்ற பக்கம் செங்கல்லை ரெண்டு விலக்கிவிடு. நீ உட்காருறதும் அந்தப் பக்கமே. இல்லேன்னா ராத்திரி முழுக்க அழுதுட்டு, நாளைக்கு அப்பா கல்யாணத்துல உருகிட்டேன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம்.

அந்தத் தம்பி எங்கே போறாரு, பைக் டேங்க்கைத் திறக்கவா? கூப்பிடு, கூப்பிடு. அடுத்த கல்யாணம் அப்பாவுக்கு எம்பதுல, அதுவும் இங்கேதான் வந்து பண்ணுவாங்க. அதுக்கும் இவரு புருவத்தோட வரணும்ல!

பனங்கிழங்கு வாங்கி வந்தீங்களா? எரியிற தீயில போடாதீங்க, கரியாத்தான் திங்கணும். தணல் விழட்டும், அப்புறம் புதைங்க. கிளம்புறப்போ தண்ணி ஊத்து, குச்சியால கிளறு, மறுபடி ஊத்து. சாம்பல்ல கையை வச்சுச் சூடு தட்டலேன்னாத்தான் வண்டி ஏறணும். நீறு பூத்த நெருப்புன்னா விடியக்காலையில மிதிக்கிறது என் மாடு. சாம்பலை வாரித் தென்னை வேர்ல கொட்டிட்டுப் போ. கிழங்குல ரெண்டு எனக்கு. நாரை உரிச்சே குடுத்துடு, பல்லு இல்லே.