ஒன்றரை முழ வயர்

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் எங்கள் அந்தமானுக்கு வேக இணையம் கொண்டுவந்துவிட்டார்கள். மேசைமேல் இருக்கும் லினக்ஸ் கணினிக்கும் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் பிரிண்டருக்கும் இடையே ஒன்றரை முழ வயர். அதைத்தான் தாண்ட முடியவில்லை. ‘கப்ஸ்’ மென்பொருள் பிரிண்டரைக் கண்டுபிடித்து, பெயர், மாடல் எல்லாம் விசாரித்துவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்போல, அதற்குமேல் தகவல் இல்லை.

1980 வாக்கில் எம்ஐடியில் இருந்த ஸெராக்ஸ் பிரிண்டரின் மூலநிரலைக் கேட்டுக் கிடைக்காத கடுப்பும் சேர்ந்துதான் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளியது. லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்தானே; பிரிண்டர் ஜாதி அந்தப் பகையை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

எதிர்வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். “பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க அங்கிள், அபர்தீன் பஜார்ல ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்.”